தற்காலிக ஆசிரியர்களின் கூட்டுப் பேர உரிமை: சட்டமும் மார்க்கமும் சொல்வது என்ன?

புதுச்சேரி நகரிலிருந்து வடமேற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது சேதராப்பட்டு. ஊசுடு தொகுதியில் உள்ள இந்த ஊரைத் தொழிற்பேட்டையை வைத்தே பலரும் அறிவார்கள். காலையில் ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் பைக்குகளும் சாலையை நிறைத்துவிடும். அதே சாலையில், அதே நேரத்தில், கையில் சாப்பாட்டுப் பையோடு பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியைகளையும் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கணவர் ஓர் ஆலையில் நிரந்தரத் தொழிலாளி. மனைவி பி.எட். முடித்துவிட்டு ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. கணவரின் ஆலையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கம் கோரிக்கை மனு கொடுக்கும். நிர்வாகம் உட்கார்ந்து பேசும். பேச்சு முறிந்தால் தொழிலாளர் துறை அதிகாரி இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார். முடிவில் ஒப்பந்தம் கையெழுத்தாகும். அதை இன்றும் தொழிலாளர்கள் '12(3) ஒப்பந்தம்', '18(1) ஒப்பந்தம்' என்று பழைய சட்டப்பிரிவின் எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள்.

மனைவிக்கு ஜூன் மாதத்தில் ஒரு போன் வரும். "டீச்சர், நாளையிலிருந்து வந்துடுங்க" என்பார்கள். சம்பளம் வாய்வழியாகச் சொல்லப்படும். ஏப்ரல் கடைசியில், "ஜூன்ல சொல்றோம்" என்று அனுப்பிவிடுவார்கள். மே மாதம் சம்பளம் இல்லை. அடுத்த ஜூனில் அழைப்பு வருமா என்பது அவருக்கே தெரியாது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம் என்றால் அவர் தனியாகத்தான் போய்க் கேட்க வேண்டும். கேட்டவருக்கு அடுத்த ஆண்டு போன் வராமல் போகலாம் என்ற பயமும் கூடவே இருக்கும்.

ஒரே வீட்டில் இருவர். ஒருவருக்குச் சேர்ந்து பேசும் உரிமை இருக்கிறது. மற்றவருக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்விக்குச் சட்டம் என்ன பதில் சொல்கிறது, நம் மார்க்கம் என்ன சொல்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

யார் இந்தத் தற்காலிக ஆசிரியர்கள்?

நிரந்தர ஆசிரியர் விடுப்பில் போகும்போது அந்த இடத்தில் வகுப்பெடுப்பவர், காலிப் பணியிடத்தில் அரசு ஆள் நியமிக்கும்வரை பாடம் நடத்துபவர், பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் தரும் ஆசிரியர், தொகுப்பூதியத்தில் இருப்பவர், பகுதிநேர ஆசிரியர், கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர். பெயர்கள் பல. நிலைமை ஒன்றுதான். வேலை நிரந்தரமாக இருக்கிறது. வேலை செய்பவர் மட்டும் தற்காலிகமாக இருக்கிறார்.

அண்டையில் உள்ள தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். அந்தத் தொகை 7,000, 7,700, 10,000 என்று படிப்படியாக ஏறி 2024இல் 12,500 ரூபாய் ஆனது. ஆண்டுக்கு 11 மாதம்தான் சம்பளம், மே மாதத்துக்குக் கிடையாது என்பது அவர்களின் நீண்டகாலக் குறையாக இருந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது திமுகவின் தேர்தல் அறிக்கையில் அவர்களின் பணி நிரந்தரம் ஒரு வாக்குறுதியாக இடம்பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 12,500 ரூபாயாக ஆக்கிய அந்த 2,500 ரூபாய் உயர்வு, 2023 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் சென்னை டிபிஐ வளாகத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் கூடி நடத்திய போராட்டத்தை அடுத்து அறிவிக்கப்பட்டது. அதாவது, கோரிக்கை மேசைக்குப் போவதற்கே தெருவில் உட்கார வேண்டியிருந்தது. பேசுவதற்கு ஒழுங்கான ஏற்பாடு இருந்திருந்தால் அந்த ஆசிரியர்கள் வகுப்பை விட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

2022ஆம் ஆண்டு நடந்ததும் நினைவிருக்கலாம். தமிழ்நாட்டில் 13,331 காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று மாதத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு திருத்தப்பட்ட நெறிமுறைகளோடு நியமனம் நடந்தது. ஒரு முதுநிலைப் பட்டதாரி, பி.எட். முடித்தவர், மேல்நிலை வகுப்புக்குப் பாடம் எடுக்க மாதம் 12,000 ரூபாய். இந்தத் தொகையை முடிவு செய்த இடத்தில் அந்த ஆசிரியர்களின் சார்பில் பேச ஒருவரும் இல்லை.

இத்தனைக்கும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் காலிப் பணியிடம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 26ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. ஒழுங்காக ஆள் எடுத்தால் தற்காலிக ஆசிரியர் என்பவர் விடுப்புக்கு மட்டும் வரும் ஒரு மாற்று ஆளாகவே இருப்பார். எடுக்காததால்தான் மாற்று ஆள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் மாற்று ஆளாகவே இருக்கிறார்.

கூட்டுப் பேரம் என்றால் என்ன?

சந்தையில் விலை பேசுவது போன்றதல்ல கூட்டுப் பேரம். வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் மூலம், சம்பளம், வேலை நேரம், விடுப்பு, பாதுகாப்பு ஆகியவை குறித்து முதலாளியோடு பேசி எழுத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வருவதுதான் கூட்டுப் பேரம். இதில் மூன்று படிகள் உண்டு. சங்கம் சேரும் உரிமை முதல் படி. எதிர்த்தரப்பு அந்தச் சங்கத்தை அங்கீகரித்து உட்கார்ந்து பேசும் கடமை இரண்டாவது படி. பேசி முடித்ததை இரு தரப்பும் மீறாமல் இருப்பது மூன்றாவது படி.

புதுச்சேரி மண்ணுக்கு இது புதிதல்ல. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காலனி ஆட்சியின் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சங்கம் வைக்கும் உரிமையும் வேலை நேரக் குறைப்பும் அந்தப் போராட்டத்தின் முக்கியக் கோரிக்கைகள். வ. சுப்பையா போன்ற தலைவர்கள் விடாமல் முயன்றதன் பலனாக, அடுத்த ஆண்டே, 1937இல், பிரெஞ்சு இந்தியாவில் தொழிற்சங்க உரிமையும் 8 மணி நேர வேலையும் ஆணையாக வந்தன. இன்றும் ஜூலை 30 புதுச்சேரியில் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது. ஆலைத் தொழிலாளிக்கு ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் பெற்றுத் தந்த உரிமை, அந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

சட்டம் எங்கே கதவைச் சாத்துகிறது?

முதல் படியில் தடை இல்லை. அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. ஆசிரியர்களுக்கும் அது உண்டு, தற்காலிக ஆசிரியர்களுக்கும் உண்டு. சிக்கல் இரண்டாவது படியில்தான். சங்கம் வைக்கும் அடிப்படை உரிமைக்குள் கூட்டுப் பேரம் செய்யும் உரிமையோ வேலைநிறுத்த உரிமையோ அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்திலேயே கூறிவிட்டது. ஆகவே எதிர்த்தரப்பைப் பேச்சுக்கு உட்கார வைக்கத் தனியாக ஒரு சட்டம் வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் அந்த வேலையைச் செய்தது. ஆசிரியருக்கு?

இந்தக் கேள்விக்கு விடை ஒரு தமிழ்ப் பெயரோடு சட்டப் புத்தகங்களில் பதிவாகியிருக்கிறது. ஏ. சுந்தராம்பாள் என்பவர் கோவாவில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்து 1975இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தன்னைத் தொழிலாளியாகக் கருதித் தொழிலாளர் நீதிமன்றத்தில் நீதி பெற வழி செய்ய வேண்டும் என்று அவர் வழக்காடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1988இல் தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூடம் சட்டத்தின் பார்வையில் ஒரு 'தொழில்'தான் என்று 1978இல் வந்த பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கின் தீர்ப்பு ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' அல்லர் என்று சுந்தராம்பாள் வழக்கில் நீதிமன்றம் முடிவு செய்தது. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை, மேற்பார்வை ஆகிய எந்த வகையிலும் கற்பித்தல் அடங்காது, அது ஓர் உன்னதப் பணி என்பது தீர்ப்பின் சாரம். பள்ளியின் அலுவலக எழுத்தரும் பள்ளிப் பேருந்து ஓட்டுநரும் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆசிரியர் போக முடியாது என்ற நிலை இப்படித்தான் உறுதியானது. உன்னதம் என்ற சொல்லே கதவுக்குத் தாழ்ப்பாளாகிவிட்டது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இதை மாற்றியதா? அந்தத் தொகுப்பு கூட்டுப் பேரத்துக்கு முன்பைவிடத் தெளிவான வடிவம் தந்திருப்பது உண்மைதான். ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 விழுக்காடு அல்லது அதற்கு மேல் தொழிலாளர் ஆதரவுள்ள சங்கம் பேச்சு நடத்தும் சங்கமாக அங்கீகரிக்கப்படும். ஆனால் 'தொழிலாளி' என்பதற்கான விளக்கத்தில் பத்திரிகையாளரையும் விற்பனைப் பிரதிநிதியையும் பெயர் சொல்லிச் சேர்த்தவர்கள் ஆசிரியரைச் சேர்க்கவில்லை. அதற்கு மேல், தொண்டு, சமூகப் பணி ஆகியவற்றில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை 'தொழில்' என்பதிலிருந்தே விலக்கிவிட்டார்கள். நம் நாட்டில் தனியார் பள்ளிகளை நடத்துபவை பெரும்பாலும் அறக்கட்டளைகளும் சங்கங்களும்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த விலக்கு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

அரசுப் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதை எதிர்த்த டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நிரந்தர ஊழியருக்கே இந்த நிலை என்றால், நாளை வர வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் நிறுத்தப்படக்கூடிய தற்காலிக ஆசிரியரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

திறந்திருக்கும் வழிகள்

எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது என்று சோர்ந்துபோக வேண்டாம். சேர்ந்து நின்றவர்களுக்கு நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வழி திறந்திருக்கிறது. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, சம வேலைக்குச் சம ஊதியம். 2016இல் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பணிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகையாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் குஜராத் மாநில ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கிலும் இதே வழியில் தீர்ப்பு வந்தது. நிரந்தரப் பேராசிரியர்கள் லட்சத்துக்கு மேல் வாங்கும் இடத்தில் அவர்கள் 30,000 ரூபாய் பெற்றுக்கொண்டிருந்தார்கள். மேடையில் குருவைப் போற்றிவிட்டுச் சம்பளத்தில் கைவிடுவதில் பொருளில்லை என்ற கருத்தை நீதிபதிகள் வெளிப்படுத்தினார்கள்.

இரண்டாவது, பணிக்கொடை. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊழியர்கள் அல்லர் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கைக் கொண்டுபோனது அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம். வழக்கில் தோற்றாலும் சிக்கல் நாட்டின் பார்வைக்கு வந்தது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களையும் சேர்த்தது. தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு அதை எதிர்த்தபோது 2022இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று உறுதி செய்தது. ஆசிரியர் 'தொழிலாளி' அல்லர் என்பது மாற்றவே முடியாத விதி அல்ல, சட்டம் நினைத்தால் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது, மகப்பேறு. தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு பலன் உண்டு என்று 2000ஆம் ஆண்டிலும், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி அந்தப் பலனை நிறுத்தக் கூடாது என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தற்காலிக ஆசிரியர்களில் பெண்களே அதிகம் காணப்படும் நிலையில் இது பலருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

பணி நிரந்தரம் குறித்து மட்டும் எச்சரிக்கையோடு பேச வேண்டும். 2006இல் வந்த உமாதேவி வழக்கின் தீர்ப்பு, நீண்ட நாள் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் ஒருவர் நிரந்தரம் கோர முடியாது என்று சொன்னது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் 10 ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு ஒருமுறை மட்டும் பரிசீலனை செய்யலாம் என்று வழி விட்டது. 2024 டிசம்பரில் வந்த ஜக்கோ வழக்கின் தீர்ப்பில், உமாதேவி தீர்ப்பைக் காட்டி நீண்டகால ஊழியர்களைச் சுரண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஆகவே நிரந்தரம் உறுதி என்று யாராவது வாக்குக் கொடுத்துப் பணம் கேட்டால் நம்ப வேண்டாம். ஊதியம், விடுப்பு, எழுத்துப்பூர்வ ஆணை ஆகிய கோரிக்கைகளுக்கோ சட்டத்தின் துணை கூடுதலாக இருக்கிறது.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் அரசுப் பணி தொடர்பான வழக்குகள் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகும். பிற வழக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம்தான். எங்கே போனாலும் தனி ஆளுக்குச் செலவும் பயமும் அதிகம். சங்கமாகப் போனால் இரண்டும் குறையும்.

வேலைநிறுத்தம் மட்டும்தான் பேரமா?

"சங்கம் வைத்தால் ஸ்ட்ரைக் வரும், பிள்ளைகளின் படிப்பு கெடும்" என்ற கவலை பெற்றோருக்கு உண்டு. அந்தக் கவலையை நாம் தள்ளிவிட முடியாது. ஆனால் வேலைநிறுத்தம் இல்லாமலும் கூட்டுப் பேரம் நடக்கும். மத்திய அரசு ஊழியர்களுக்காக 1966இல் ஏற்படுத்தப்பட்ட கூட்டு ஆலோசனை அமைப்பு இதற்கு உதாரணம். அரசும் ஊழியர் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்வார்கள். ஊதியம், வாராந்திர வேலை நேரம், விடுப்பு குறித்து உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போகலாம். அதே 1966ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரையை ஏற்றன. ஆசிரியரின் சம்பளமும் பணி நிலையும் ஆசிரியர் அமைப்புகளோடு பேசி முடிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. நாம் ஆண்டுதோறும் கேள்விப்படும் உலக ஆசிரியர் தினம் அந்த நாளின் நினைவுதான்.

தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நிரந்தர ஆசிரியர்களுக்கு ஒரு பேச்சுவார்த்தை அலகு இருப்பதைப் போலவே விடுப்பு ஆசிரியர்களுக்கும் சட்டப்படி தனியாக ஓர் அலகு உண்டு. ஒரு நாள் மட்டும் வகுப்பெடுக்க வருபவரின் சம்பளமும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். பிரிட்டனில் ஏஜென்சி மூலம் பள்ளிக்குப் போகும் மாற்று ஆசிரியர், ஒரே பணியில் 12 வாரம் நிறைந்தால் நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு நிகரான ஊதியம் கேட்கலாம். அங்கெல்லாம் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நபி (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைப்பதற்கு முன், அவர்கள் ஏறக்குறைய இருபது வயது இளைஞராக இருந்தபோது மக்காவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. யமன் நாட்டின் ஸுபைத் குலத்தைச் சேர்ந்த ஒரு வணிகர் பொருள்களோடு மக்கா வந்தார். ஆஸ் பின் வாயில் என்ற செல்வாக்கு மிக்கவர் பொருளை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தார். அந்த வெளியூர்க்காரர் தனியாக எங்கெங்கோ முறையிட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் அபூ குபைஸ் மலையில் ஏறி நின்று உரக்க முறையிட்டார். அதைக் கேட்டு பனூ ஹாஷிம், ஸுஹ்ரா, தைம் முதலிய குலத்தவர் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் கூடினார்கள். மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவருக்கு உரியது கிடைக்கும்வரை ஒன்றாக நிற்போம் என்று உறுதி எடுத்தார்கள். பிறகு சேர்ந்தே போய் வணிகரின் உரிமையை மீட்டுக் கொடுத்தார்கள். இதுதான் 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கை.

அந்தக் கூட்டத்தில் நபி (ஸல்) அவர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் அதை மகிழ்வோடு நினைவுகூர்ந்து, உயர்ந்த செல்வத்துக்கு ஈடாகக்கூட அதை விட்டுக்கொடுக்க விரும்பமாட்டேன் என்றும், இஸ்லாம் வந்த பிறகும் அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்றும் பொருள்படக் கூறியதாக ஸீரா நூல்கள் பதிவு செய்கின்றன. தனியாகக் கேட்டவருக்குக் கிடைக்காத உரிமை, பலர் சேர்ந்து கேட்டபோது கிடைத்தது. கூட்டாக உரிமை கேட்பது மார்க்கத்துக்கு அந்நியமானது என்று சொல்பவர்கள் இந்த நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும்.

வேலை ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் திருக்குர்ஆனில் வழிகாட்டல் உண்டு. மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்போது அந்தப் பெரியவர் எத்தனை ஆண்டு வேலை, அதற்கு ஈடு என்ன என்பதை முதலிலேயே சொல்கிறார். எட்டு ஆண்டு கட்டாயம், பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பம். சிரமப்படுத்த விரும்பவில்லை என்றும் உறுதி தருகிறார் (28:27). காலம், ஈடு, வேலையின் எல்லை மூன்றும் தொடக்கத்திலேயே தெளிவாகிவிடுகின்றன. "ஜூன்ல பார்ப்போம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மக்களுக்கு உரியதைக் குறைத்துக் கொடுக்க வேண்டாம் என்ற ஷுஐப் (அலை) அவர்களின் எச்சரிக்கை (26:183) எடைக்கல்லுக்கு மட்டுமல்ல, சம்பளப் பட்டியலுக்கும் பொருந்தும்.

ஒருவரை வேலைக்கு அமர்த்தி முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸீ புகாரியில் இருக்கிறது. கற்பித்தலின் மதிப்புக்கும் நபிகளார் காலத்தில் சான்று உண்டு. பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் மீட்புத் தொகை தர இயலாத சிலர், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் அதுவே அவர்களின் மீட்புத் தொகையாக ஏற்கப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அஹ்மதில் உள்ளது. போர்க் கைதியின் விடுதலைக்கு ஈடாக வைக்கப்பட்டது எழுத்தறிவித்தல். அதை நாம் 'சேவை' என்ற பெயரில் விலையில்லாததாக ஆக்கிவிடக் கூடாது.

நம்மிடமிருந்து தொடங்குவோம்

இதுவரை அரசையும் சட்டத்தையும் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசியாக வேண்டும். நம் சமுதாயம் வேலை செய்கிறவர்களின் சமுதாயம் மட்டுமல்ல, வேலை கொடுக்கும் சமுதாயமும்கூட. அறக்கட்டளைகளும் ஜமாஅத்களும் நடத்தும் பள்ளிகள், மக்தப்கள், மதரஸாக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே பாடம் எடுக்கும் சகோதரிகளும் உஸ்தாத்களும் பலர் எழுத்துப்பூர்வ ஆணை இல்லாமலே வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்கு அருகில், பாதுகாப்பான சூழலில் வேலை என்பதால் குறைந்த சம்பளத்தை நம் பெண்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்களின் அந்த நிர்ப்பந்தத்தை நிர்வாகம் தனக்குச் சாதகமாக ஆக்கிக்கொள்வது நியாயமில்லை.

"நாங்கள் சிறுபான்மை நிறுவனம், 30ஆவது பிரிவு எங்களைப் பாதுகாக்கிறது" என்று சில தாளாளர்கள் சொல்வதுண்டு. நிறுவனம் நடத்தும் உரிமையை அந்தப் பிரிவு பாதுகாக்கிறது என்பது சரி. ஆசிரியரின் சம்பளத்தைக் குறைக்கும் உரிமையை அது தரவில்லை. டெல்லியில் ஃபிராங்க் ஆண்டனி பள்ளி ஊழியர் சங்கம் தொடுத்த வழக்கில், ஊதியச் சமநிலை குறித்த சட்டவிதி உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிக்கும் பொருந்தும், அதனால் சிறுபான்மை உரிமை பறிபோகாது என்று 1986இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கையும் கொண்டுபோனது தனி ஆளல்ல, ஒரு சங்கம்.

சிறிய பள்ளிகளில் பணம் இல்லை என்பதும் பல இடங்களில் உண்மை. கட்டணம் குறைவு, வாடகை அதிகம், நன்கொடை எப்போதாவது. அப்படியானால் கணக்கை ஆசிரியர்களின் முன் வைத்துப் பேசலாமே? தங்கள் காரியங்களைக் கலந்தாலோசித்து முடிவு செய்வது இறைநம்பிக்கையாளர்களின் பண்பு என்று குர்ஆன் (42:38) போற்றுகிறது. அந்த ஷூரா பள்ளிவாசல் நிர்வாகக் குழுவோடு நின்றுவிட வேண்டுமா?

சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்காமல் நம் நிறுவனங்கள் இப்போதே செய்யக்கூடிய சில காரியங்கள்:

1. வேலையில் சேரும் நாளிலேயே காலம், சம்பளம், வகுப்புகளின் எண்ணிக்கை, விடுப்பு ஆகியவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட ஆணையைக் கொடுப்பது.

2. குறிப்பிட்ட தேதியில் வங்கிக் கணக்கு வழியாகச் சம்பளம் தருவது. கோடை விடுமுறைக்குப் பின் மீண்டும் அழைக்கவிருக்கும் ஆசிரியருக்கு மே மாதச் சம்பளத்தையும் தருவது.

3. அடுத்த ஆண்டு தேவையில்லை என்றால் மார்ச் மாதத்துக்குள் எழுத்தில் சொல்வது, வேறு இடம் தேட அவருக்கு அவகாசம் தருவது.

4. நிரந்தர இடம் காலியானால் ஏற்கெனவே பணியாற்றும் தகுதியுள்ள தற்காலிக ஆசிரியருக்கு முன்னுரிமை தருவது.

5. ஆசிரியர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் இரண்டு, மூன்று பிரதிநிதிகளோடு ஆண்டுக்கு இருமுறை நிர்வாகம் உட்கார்ந்து பேசி முடிவுகளை எழுதி வைப்பது. பேசியதற்காக யாரையும் நீக்குவதில்லை என்று உறுதி தருவது.

ஐந்தாவதுதான் இவற்றில் முக்கியமானது. மற்ற நான்கும் ஒரு நல்ல தாளாளர் இருக்கும்வரை நடக்கும், அவர் மாறினால் நின்றுபோகும். பேசும் ஏற்பாடு இருந்தால் யார் வந்தாலும் தொடரும்.

ஆசிரியர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது உண்டு. நியமன ஆணை, வருகைப் பதிவு, வங்கிக் கணக்குப் புத்தகம், பாடக்குறிப்பேடு ஆகியவற்றின் நகல்களைப் பாதுகாத்து வையுங்கள். ஒரு பள்ளியில் இருக்கும் நாலு பேர் மட்டும் சேர்ந்தால் பலம் போதாது. வட்டார அளவில் பல பள்ளிகளின் தற்காலிக ஆசிரியர்கள் சேருங்கள். ஏழு பேர் இருந்தாலே சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஓர் அமைப்பைப் பதியலாம். பெற்றோரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். ஆசிரியர் ஆண்டுக்கு ஆண்டு மாறினால் இழப்பு தங்கள் பிள்ளைக்குத்தான் என்பது அவர்களுக்குப் புரிந்தால் உங்களுக்காக அவர்களே பேசுவார்கள். உரிமை கேட்பதோடு பொறுப்பையும் விட்டுவிடாதீர்கள். வகுப்பறை அமானிதம். அதில் குறை வைத்துவிட்டுச் சம்பளத்தில் குறை என்று சொல்வதில் நியாயம் இருக்காது.

சேதராப்பட்டு உதாரணக் குடும்பத்தை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். கணவரின் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது. மனைவியின் ஒப்பந்தம் ஒரு போன் அழைப்பில் தொங்குகிறது. இந்த வேறுபாட்டை நீக்கச் சட்டத்தில் 'ஆசிரியர்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே பெரும்பங்கு வேலை முடிந்துவிடும். அதற்காகச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை, நம் கையில் இருக்கும் பள்ளிகளிலாவது வரும் ஜூன் மாதம் போன் அழைப்போடு எழுத்தில் ஓர் ஆணையும் போகட்டும்.

உழைப்பவருக்கு உரியதை உரிய நேரத்தில் கொடுப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.